மார்கழிப் பனியில் பிள்ளையை வயக்காட்டுக்கு அனுப்பலாமா?

"டாக்டர், செடி, மண்ணு எல்லாம் நேர்ல பார்க்கணும்னு ஸ்கூல்ல பிள்ளைங்களை வயக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். இந்த மார்கழிப் பனியில அனுப்பலாமா?"

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துத் தாய்மார்கள் வருஷா வருஷம் என்னிடம் கேட்கும் கேள்வி இது. தாராளமாக அனுப்புங்கள். ஆனால், எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு மட்டும் பயப்படுங்கள்!

பனிதான் காரணமா?

சளிக் காய்ச்சலைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி. ஜன்னலை அடைத்த வகுப்பறையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும்போதுதான் அது சுலபமாகப் பரவும், வெட்டவெளியில் குறைவு. நம் ஊர் மார்கழிக் குளிரோ 20 டிகிரியை ஒட்டித்தான். நார்வேயில் உறைபனியிலும் பிள்ளைகளை வெளியே விடுகிறார்கள்! வீசிங் தொந்தரவு உள்ள பிள்ளை மட்டும் பனி விலகியபின், ஒன்பது மணிக்கு மேல் கிளம்பட்டும்.

லாபமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. அதனால்தான் தைவான் நாட்டில் 2010 முதல் தினம் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே விடும்படி பள்ளிகளைத் தூண்டுகிறார்கள்.

என்ன பார்க்கலாம்?

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மழை ஓய்ந்து, செடிகள் செழித்து நிற்கும். வேலியில் தூதுவளை, முசுமுசுக்கை; வரப்பில் கரிசலாங்கண்ணி; வீட்டோரத்தில் குப்பைமேனி. பெரம்பலூர்க் கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ளும், அதில் பருத்தி. ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் கையில் உதிரும், அதில் முந்திரி. சுக்கான் கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அதுதான் சுண்ணாம்பு. இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்துக்கு வயது சுமார் 12 கோடி ஆண்டு!

தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை

சில வருடங்களுக்கு முன் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, பேதி. வேலியில் பறித்த ஏதோ ஒரு விதை கடலை மாதிரி ருசித்ததாம், நாலைந்து தின்றுவிட்டான். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து மேலும் வாந்தி எடுக்க வைத்திருந்தார்கள். அது தவறு.

கூட வந்த அவன் வகுப்புப் பெண் கையை விரித்தாள். உள்ளே காட்டாமணக்குக் காய்! "இதைத் தின்னா வயித்தால போகும்னு எங்க ஆயா சொல்லியிருக்கு" என்றாள். காயோடு அவனை உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டிரிப்ஸ் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் வீடு திரும்பினான்.

இரண்டு பேரும் ஒரே வேலியைத்தான் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்குச் செடி தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் எப்படித் தெரியும்? பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்தபோதும், செடியைத் தொட்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் குணபாடம் மனதில் நின்றது.

கவனிக்க வேண்டியவை

* செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள். ஈர மண்ணில் கொக்கிப்புழு பாதம் வழியே நுழையும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

* பெரியவர்களைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அரளி, ஊமத்தை, குண்டுமணி, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு எல்லாம் விஷம். தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற செடியையும் எடுத்துச் செல்லுங்கள்.

* மருந்து அடித்த பருத்தி, மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கக் கூடாது.

* புதருக்குள் உட்கார வேண்டாம். அங்குள்ள சிறு பூச்சி கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். குளிர்காலத்தில் இது அதிகம். போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் வயக்காட்டுக்குப் போன விஷயத்தைச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

* வந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, உடை மாற்றி, சூடாக மிளகு ரசச் சோறு கொடுங்கள்.

சாப்பிடும்போது, "இன்னைக்கு என்ன செடி பார்த்தே?" என்று கேளுங்கள். நமக்கும் நாலு செடி தெரிந்து போகுமே!