பீடபூமியின் விளிம்பில் ஓசூர்

சந்திரசூடேஸ்வரர் மலையின் இந்தப் பாறையைக் கையால் தொட்டுப் பாருங்கள். இப்பகுதிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மைசூர்ப் பீடபூமி தமிழ்நாட்டுக்குள் நீளும் விளிம்பு இது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டரில். சூளகிரி வழியாகப் பேருந்தில் இறங்கினால், ஜன்னலோரக் காற்று சூடேறுவதை நீங்களே உணரலாம்.

அந்த உயர வித்தியாசம்தான் இங்கே பலருக்குச் சோறு போடுகிறது. மேலே, குளுமையில், பசுமைக்குடில்களில் ரோஜா. மொட்டு முன்கூட்டியே விரிந்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் சின்ன வலையுறை மாட்டுவார்கள். பிப்ரவரியில் அவை விமானமேறும். கீழே, வெப்பத்தில், மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும்.

நெல்லுக்கு நீர் போதாத மேட்டில் கேழ்வரகே பிரதானம். 1970களில் அந்த நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். 1980இல் அசோக் லேலண்ட் வாகனங்களும் டிவிஎஸ் மொபெட்டும், சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே உருவாகத் தொடங்கின. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கிய சந்தையில் இன்று இந்தியும் கேட்கிறது.

தென்பெண்ணை ஆறு நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் சுமந்து இறங்குகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை மதகுகளில் வெண்நுரை பொங்குவது அதனால்தான். இதே தண்ணீர்தான் 1950களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணைக்கும் அதன் வயல்களுக்கும் போகிறது. இந்த ஆற்றைச் சுத்தமாக்க கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்து உழைக்க வேண்டும்.