நடைமுறை ஒழுங்கும் குழுப்பணியும்

பலர் கூடிச் செய்யும் பணிகளில் நடைமுறை ஒழுங்குக்கு உரிய இடம் யாது என்னும் கேள்வி திருப்பணியாளருக்குப் புதியதன்று. ஒழுங்கு மிகுந்தால் உயிர்த்துடிப்புக் குன்றும் என்று சிலர் அஞ்சுகின்றனர். ஒழுங்கு இல்லையேல் உரத்த குரல் உடையோரே அனைத்தையும் தீர்மானிப்பர் என்று வேறு சிலர் கூறுகின்றனர். இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் இதனைப் பொதுப்படையாக ஆராய்வதைவிட, ஒழுங்கின் பயன் அளந்து காணப்பட்ட ஒரு துறையை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலமாகும். மருத்துவமனையின் அறுவை அரங்கு அத்தகைய துறை. அங்கே ஒழுங்கு தவறினால் உயிரிழப்பு நேரிடும்.

1. பட்டியலின் தோற்றம்

அறுவை அரங்கு இன்று பின்பற்றும் சரிபார்ப்புப் பட்டியல் வானூர்தித் துறையிலிருந்து பெறப்பட்டதாகும். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எந்திர விமானம் ஒன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. அதனை ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில் என்னும் அனுபவமிக்க சோதனை விமானி. எந்திரத்தில் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது வால்பகுதியை அசையாது காக்கும் பூட்டு விடுவிக்கப்படாமல் இருந்தது.

இதற்குத் தீர்வாக விமானிகளுக்குப் பயிற்சியைக் கூட்டுவதோடு அதிகாரிகள் நின்றுவிடவில்லை. புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலாக்கி, அதனைப் படித்துச் சரிபார்த்த பின்னரே பறக்கவேண்டும் என்னும் வழக்கம் ஏற்பட்டது. அவ்விமானத்தின் வழிவந்த பி-17 வகை விமானங்கள் பின்னர் 12,000க்கு மேல் கட்டப்பட்டன. திறமை மிக்கவரும் எளிய ஒன்றை மறக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வதே பட்டியலின் அடிப்படையாகும்.

2. செவிலியருக்குக் கிடைத்த அதிகாரம்

2001ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர் இம்முறையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கையாண்டார். நோயாளியின் பெருஞ்சிரையில் குழாய் செலுத்தும்போது இரத்தத்தில் தொற்று ஏற்படுவதைத் தடுப்பதே அவருடைய நோக்கம். கைகளைக் கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் தூய்மை செய்தல், நோயாளியைத் தூய துணியால் மூடுதல் போன்ற ஒரு சில செயல்களே அப்பட்டியலில் இருந்தன. இவற்றுள் எதுவும் மருத்துவர் அறியாததன்று.

புதுமை வேறோர் இடத்தில் இருந்தது. மருத்துவர் ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டது; நிருவாகம் அச்செவிலியருக்குத் துணைநின்றது. பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வின்படி, 103 பிரிவுகளில், குழாய் பொருத்தப்பட்ட 1,000 நாட்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதங்களில் சுழியமாகக் குறைந்தது. செவிலியர் முன்பும் தவறுகளைக் கண்டிருப்பர். கண்டதைச் சொல்வதற்கு உரிமை இப்போதுதான் முறைப்படி அவர்களுக்குக் கிடைத்தது.

3. மூன்று நிறுத்தங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. இப்பணிக்கு மருத்துவர் அதுல் கவாண்டே தலைமை தாங்கினார். பத்தொன்பது கூறுகளைக் கொண்ட அப்பட்டியல் பணியை மூன்று இடங்களில் நிறுத்துகிறது: மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு அகல்வதற்கு முன். நோயாளி இன்னார்தாமா, அறுவை செய்யவேண்டிய இடம் எது, துணிகளும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாம் நிறுத்தத்தில் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் கூறவேண்டும் என்பது ஒரு விதி. இது வெறும் மரியாதைச் சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் தொடக்கத்திலேயே ஒருமுறை வாய்திறந்தவர், பின்னர் ஆபத்தைக் காணும்போது பேசத் தயங்குவது குறையும் என்னும் எண்ணம் இதற்கு அடிப்படையாக உள்ளது.

புதுதில்லி, மணிலா, இலண்டன், தான்சானியாவின் இஃபகாரா உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியல் சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவுகளின்படி, இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகவும், பெருஞ்சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

4. ஒரே பட்டியல், வேறுபட்ட விளைவுகள்

இங்கேயே நாம் நின்றுவிட்டால் பாதியைத்தான் கற்றவர்களாவோம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இப்பட்டியலைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவமனைகள் 2010 முதல் பொதுமக்களுக்கு அறிக்கை தரவேண்டியதாயிற்று. பட்டியல் மிக உயர்ந்த அளவில் கடைப்பிடிக்கப்படுவதாகவே அவை அறிவித்தன. எனினும் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இறப்பு 0.71இலிருந்து 0.65 ஆகவே மாறியிருந்தது. அது பொருட்படுத்தத்தக்க மாற்றமன்று என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் மருத்துவமனைகள் தாமாக முன்வந்து சேரும்படி அழைக்கப்பட்டன. பட்டியலைத் தம் சூழலுக்கேற்பத் திருத்திக்கொள்ளவும், குழுவினர் அனைவரும் கூடிப் பயிலவும் அங்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். பயிற்சியை நிறைவுசெய்த 14 மருத்துவமனைகளில், அறுவைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 2010இல் 3.38 ஆக இருந்து 2013இல் 2.84 ஆகக் குறைந்தது. சேராத மருத்துவமனைகளில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

ஆய்வு முறைகளும் கால அளவும் வேறுபடுவதால் இவ்விரண்டையும் அப்படியே ஒப்பிடுதல் கூடாது. ஆயினும் ஒன்று தெளிவு. பட்டியலில் குறியிடுவது வேறு. பட்டியல் கேட்கும் உரையாடலை நிகழ்த்துவது வேறு. மேலிடத்திற்குக் கணக்குக் காட்டும் படிவமாக அது மாறும்போது, எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தும் ஒருவரும் ஒருவரோடும் பேசாதிருத்தல் கூடும்.

5. திருச்சபை மரபில்

இவ்வுண்மை நமக்கு அந்நியமானதன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டனர் என்னும் முறையீடு எழுகிறது. அப்போஸ்தலர் முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவில்லை. சபையாரைக் கூட்டி, பொறுப்பாளர் எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை உணர்ந்த தரப்பினரிடமே பொறுப்பு அளிக்கப்பட்டது என்று இதிலிருந்து கருத இடமுண்டு. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் மூன்றாம் அதிகாரமும், முக்கியமான காரியங்களில் தலைவர் துறவிகள் அனைவரையும் அழைத்து ஆலோசனை கேட்க வேண்டும் என்கிறது. இளையவருக்கே ஆண்டவர் சிறந்ததைப் பலமுறை வெளிப்படுத்துகிறார் என்று அதற்குக் காரணமும் கூறுகிறது.

6. நம் குழுக்கள்

நம் சேகரக் குழுக்களிலும் நிறுவன ஆட்சிக் குழுக்களிலும் நிகழ்ச்சி நிரல் உண்டு. நடவடிக்கைக் குறிப்பு உண்டு. கணக்குத் தணிக்கையும் உண்டு. இவை இருக்கின்றனவா என்று கேட்பதோடு, இவற்றால் யாருடைய வாய் திறக்கப்படுகிறது என்றும் நாம் கேட்கவேண்டும். பொருளாளர் கணக்கை வாசித்தபின், வினாவுக்கு இடம் தராமல் தலைவர் அடுத்த பொருளுக்குச் செல்வாராயின், அங்கே கட்டத்தில் குறியிடப்பட்டதேயன்றிக் கணக்கு ஆராயப்படவில்லை. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர், பெண்கள், ஊதியம் பெறும் கடைநிலை ஊழியர் ஆகியோர் பேசுவதற்கென ஓர் இடம் நிரலிலேயே ஒதுக்கப்பட்டால், அவர்கள் பேசுவது துணிவாகவோ அடங்காமையாகவோ எண்ணப்படமாட்டாது. அது அவர்களுடைய கடமையாகவே கருதப்படும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தவரை நிறுத்தும் உரிமையைச் செவிலியர் பெற்றதால் உயிர்கள் காக்கப்பட்டன. நம் குழுக்களில் அவ்வுரிமை யாருக்கு உண்டு என்று ஆராய்ந்து, இல்லாவிடத்து அதனை விதியாக்குவது தலைமைப் பொறுப்பில் உள்ள நமது கடன்.