ஊசி முனையில் வீணாகும் நேரம்

சீனக் குடும்பங்களின் கைப்பேசிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் ஒரு செய்தி உண்டு. பக்கவாதம் வந்தவரை அசைக்காதீர்கள். தையல் ஊசியைத் தீயில் காட்டிப் பத்து விரல் நுனிகளிலும் குத்தி ரத்தம் எடுங்கள். வாய் கோணியிருந்தால் காதுமடலிலும் குத்துங்கள். நினைவு தெளிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறது அது. படித்தவர்களும் நம்பிப் பகிர்கிறார்கள்.

விரலில் சொட்டும் ரத்தத்துக்கும் மூளையில் அடைத்த குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். சீனர்களிடையே கசிவு வகைப் பக்கவாதத்தின் பங்கு வெள்ளையர்களைவிட அதிகம் என்பதால், வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது விபரீதம். ஆன்குங் நியூஹுவாங் என்ற சீனப் பாரம்பரிய மருந்து உருண்டை இன்னொரு வம்பு. விழுங்க முடியாதவர் வாயில் அதைத் திணித்தால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதன் பாரம்பரியச் செய்முறையில் பாதரசமும் ஆர்செனிக்கும் கொண்ட தாதுக்களும் சேர்கின்றன.

சீனாவில் ஆம்புலன்ஸ் எண் 120. மருத்துவர்கள் அதையே பாடமாக்கினார்கள்: முகம் ஒன்று, கோணியிருக்கிறதா? கைகள் இரண்டு, ஒன்று தொய்கிறதா? பூஜ்யத்துக்கான சீன ஒலி 'உற்றுக் கேள்' என்பதற்கும் பொருந்துவதால், பேச்சு குழறுகிறதா? அமெரிக்காவில் 120-ஐ அழைத்துப் பயனில்லை, அங்கே 911. 120 பயன்படாத நாடுகளுக்காக அறிகுறிகளை நினைவில் வைக்க 112 என்றொரு வடிவமும் வந்தது: ஒரு வாய் கோணல், ஒரு கை தொய்வு, இரண்டு உதடுகளில் பேச்சுக் குழறல். அமெரிக்காவில் அழைக்க வேண்டியது என்னவோ 911-தான்.

அமெரிக்காவில் ஆங்கிலம் தெரியாத முதியவர், மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 911-ஐ அழைத்து 'கான்டனீஸ்' என்று சொன்னால் போதும். பெரும்பாலான ஊர்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பதுதான். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கணக்கு முந்தைய இரவில் படுத்த நேரத்திலிருந்து தொடங்கும். மொழிபெயர்க்க வந்த, பள்ளிக்கூடம் போகும் பேரன் 'காலையில்' என்று சொல்லிவிட்டால் சிகிச்சையே தடம் மாறும். அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டமும் பின்னர் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் தரும் உரிமை இது. மகன் வீட்டுக்குப் போயிருக்கும் நம்மூர்ப் பெற்றோருக்கும் இது உண்டு. அவசரப் பிரிவு, பணமோ விசாவோ இல்லையென்று யாரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். பில் பிறகு வரத்தான் செய்யும்.

பக்கவாதத்தின் வேர் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தத்தில்தான். அதை ஏற்றிவிடுவது உப்பு; ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே அது சுமார் இரண்டு கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது ஐந்து கிராமுக்குள். சீனாவின் 600 கிராமங்களில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் டான்ஷென், டாங்குய் ஆகிய மூலிகை வேர்களைச் சூப்பில் போட்டால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்றால் சூப்பை யாரும் சொல்வதில்லை. அதனால் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. அந்தப் பேச்சுக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மறுத்தால், 180 நாட்களுக்குள் அமெரிக்க மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை.