சிறுவயதில் குடியேறும் கிருமி, முதுமையில் தரும் தொல்லை

அறுபதைத் தாண்டியவர்கள் பாதம் மரத்துப்போகிறது என்றாலும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாலும், வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘வயசாகிவிட்டது’ என்பதுதான். ஆனால், அவர்கள் குழந்தையாக இருந்தபோதே இரைப்பைக்குள் புகுந்துவிட்ட ஒரு பாக்டீரியாவுக்கும் இந்தத் தொல்லைகளில் பங்கு இருக்கலாம். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி, சுருக்கமாக எச். பைலோரி.

அமிலத்தில் பிழைக்கும் கிருமி

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் 1982இல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். மற்ற மருத்துவர்களின் சந்தேகம் தீராததால் 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்தார். சில நாட்களிலேயே அவரது இரைப்பையில் அழற்சி உண்டானது. 2005இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது; சிகிச்சை பெறாவிட்டால் பொதுவாக ஆயுள் முழுதும் நீடிக்கும். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இது இருக்கிறது. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

உறுதியான தொடர்புகள்

அறிகுறி இல்லாவிட்டாலும் அழற்சி நிற்பதில்லை. பல பத்தாண்டுகள் தொடரும் அழற்சியால் சிலருக்கு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலிந்துபோகின்றன. உணவில் உள்ள வைட்டமின் பி12ஐப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்கவும், தானியம், கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அமிலம் வேண்டும். அது குறையும்போது நன்றாகச் சாப்பிடுபவருக்கும் ரத்தசோகை வரலாம். பி12 பற்றாக்குறை முற்றினால் பாதம் மரத்துப்போவது, நடையில் தடுமாற்றம், மறதி ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

இரைப்பைப் புண் இன்னொரு ஆபத்து. இதய நோய்க்கு ஆஸ்பிரினும் மூட்டு வலிக்கு வலிநிவாரணியும் எடுத்துக்கொள்ளும் முதியவரிடம் இந்தக் கிருமியும் இருந்தால், புண்ணிலிருந்து ரத்தம் கசியும் அபாயம் கூடுகிறது. மலம் கன்னங்கரேலென்று போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, இரைப்பைப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே எச். பைலோரியைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆனாலும் கிருமியை ஒழிப்பது பலன் தரும். தைவானின் மட்சு தீவுகளில் 2004 முதல் மக்களைப் பரிசோதித்துச் சிகிச்சை அளித்ததில், இரைப்பைப் புற்றுநோய் சுமார் பாதியாகக் குறைந்தது.

இன்னும் முடிவாகாதவை

மூளை நோய்களுடனான தொடர்பு இந்த அளவுக்குத் தெளிவாகவில்லை. பிரிட்டனில் 50 வயதைக் கடந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறிகளோடு எச். பைலோரி தொற்று கண்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு 11% கூடுதலாக இருந்தது. இது இரண்டும் சேர்ந்து காணப்படுவதைச் சொல்கிறதே தவிர, ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நிறுவவில்லை. பார்கின்சன் நோயாளிகளிடம், லெவோடோபா மருந்தை உடல் ஏற்பதை இந்தக் கிருமி தடுக்கிறது என்று சில ஆய்வுகள் கூறின. ஆனால், மலேசியாவில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், கிருமியை ஒழித்தும் நோயாளிகளின் அசைவுகளில் முன்னேற்றம் தெரியவில்லை.

என்ன செய்யலாம்?

மறதிக்குப் பயந்து மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடக் கூடாது. வயிற்றுப் புண், காரணம் தெரியாத இரும்புச்சத்து அல்லது பி12 குறைபாடு, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் ஆகியவை இருந்தால் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபி ஆகியவற்றில் ஒன்றே கிருமியைக் காட்டிவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பரிசோதனை முடிவை மாற்றிவிடக்கூடும் என்பதால், மருத்துவர் சொன்னால் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ‘கேஸ் மாத்திரை’ என்று ஆண்டுக்கணக்கில் அதையே விழுங்குவதும் பி12ஐக் குறைக்கும்.

சிகிச்சை பொதுவாக 14 நாட்கள். அமிலக் குறைப்பு மருந்தோடு இரண்டு ஆன்டிபயாட்டிக்குகள், பல நேரம் பிஸ்மத்தும் சேரும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். முடித்து நான்கு வாரங்களுக்குப் பிறகு, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

பி12 குறைவுக்கு இந்தக் கிருமி மட்டுமே காரணம் அல்ல. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் அது வரும். எதனால் வந்தாலும், காலத்தோடு கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். தாமதித்தால் நரம்புக்கு நேரும் சேதம் நிலைத்துவிடக்கூடும். பெற்றோரின் தளர்ச்சியையும் மறதியையும் வயதின் கணக்கில் எழுதும் முன், ஒரு ரத்தப் பரிசோதனையாவது செய்துவிடுங்கள்.