பாத்திரங்களுக்கு நடுவே இறைவன்



செபிக்க நேரமில்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும், பேருந்தைப் பிடிக்கவேண்டும், மாலையில் திரும்பினால் மறுபடியும் அடுப்படி. இறைவன் ஆலயத்தில் இருக்கிறார், நாமோ கடையிலும் சமையற்கட்டிலும் கிடக்கிறோம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது. இந்த எண்ணத்துக்குப் பதிலாக வாழ்ந்தவர் ஒருவர், 17-ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரில்.

நிக்கோலாஸ் ஹெர்மன் என்பது அவரது இயற்பெயர். லொரேன் பகுதியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்தபோது காயம்பட்டு, வாழ்நாள் முழுவதும் காலை இழுத்து இழுத்து நடந்தார். 1640-இல் கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்து, உயிர்ப்பின் சகோதரர் லாரன்ஸ் ஆனார். மடத்தில் அவருக்குக் கிடைத்த பணி சமையல். அவருக்கோ அது இயல்பிலேயே பிடிக்காத வேலை! ஆனாலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதைச் செய்தார்.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கிவர அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வணிகத்தில் அவருக்குத் திறமை இல்லை. காலும் ஒத்துழைக்கவில்லை, படகில் பீப்பாய்கள்மேல் உருண்டுதான் இடம்விட்டு இடம் நகர முடிந்தது. ஆண்டவரே, இது உமது காரியம் என்ற மனநிலையோடு அந்த வேலையைச் செய்தார். அது நல்லபடியாகவே முடிந்தது. ஒன்றைக் கவனிப்போம். அவர் கரையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை, உருண்டாவது போனார். நாமோ கட்டவேண்டிய கடனைக் கட்டாமல், பேசவேண்டிய பிள்ளையிடம் பேசாமல், கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறோம். அதை இறைப்பராமரிப்பில் நம்பிக்கை என்று சொல்லமுடியாது.

அவரது வழி மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இறைவனிடம் அருள் கேட்பார். நடுவே அவரோடு பேசிக்கொண்டிருப்பார். நன்றாக முடிந்தால் நன்றி சொல்வார். தவறிவிட்டால் மன்னிப்புக் கேட்டு, அதையே நினைத்து மனம் உழலாமல் மறுபடி வேலையைத் தொடர்வார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப்போடுவதைக்கூட இறையன்புக்காகச் செய்தார். நம் வீட்டில் அது தோசையாக இருக்கலாம்.

இதெல்லாம் அவருக்கு எளிதாக வந்தது என்று நினைக்கவேண்டாம். தாம் மீட்படையப்போவதில்லை என்ற அச்சம் அவரை நான்கு ஆண்டுகள் வாட்டியது. எந்த ஆறுதலும் தெரியவில்லை. அப்போதும், தமக்கு என்ன நேர்ந்தாலும் வாழும்வரை இறையன்புக்காகவே வாழ்வது என்று முடிவுசெய்தார். செபித்தும் ஒன்றும் உணராமல் தவிப்பவர்கள் நம் பங்கிலும் உண்டு; அவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

1666 முதல் அவரைச் சந்தித்து உரையாடிய ஜோசப் தெ போஃபோர் என்ற குரு எழுதிவைத்ததால்தான் இவை நமக்குத் தெரிகின்றன. திருஅவை சகோதரர் லாரன்சைப் புனிதராக அறிவிக்கவில்லை. கால்வலி மிகுந்தபோது, உட்கார்ந்து செய்யக்கூடிய காலணி தைக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். 1691 பிப்ரவரி 12 அன்று அதே மடத்தில் இறந்தார்.