திருக்கையா... நல்ல பாம்பா?

ஒரு பக்கம் திருக்கை மீன், இன்னொரு பக்கம் நல்ல பாம்பு. ஏதாவது ஒண்ணைத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா, எதை எடுப்பீங்க? அலறாதீங்க... ரெண்டுமே அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்கள்! முதலாவது, 1963 மாடல் செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே. அடுத்தது, 1962-ல் பிறந்த ஷெல்பி கோப்ரா.

முதல்ல திருக்கை. ஃபைபர் கிளாஸ் பாடி, 5.4 லிட்டர் வி-8 இன்ஜின், வேலை முடிந்ததும் உள்பக்கமாகத் திரும்பி ஒளிந்துகொள்ளும் ஹெட்லைட் என்று ஏகப்பட்ட அழகு. ஆனா, எல்லார் கண்ணும் போறது பின்பக்கக் கண்ணாடிக்குத்தான்! 63 கூப் மாடலில் அதை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு பட்டை ஓடும். ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் தலைவர் பில் மிட்செலுக்கு அந்தப் பட்டைன்னா உயிர். இன்ஜினீயர் ஜோரா ஆர்கஸ் டன்டவுக்கோ தலைவலி. பின்னால் வரும் வண்டியை மறைக்குதே என்பது அவர் கட்சி. கடைசியில் ஜோராதான் ஜெயிச்சார். 64 மாடலில் பட்டை அவுட்!

கதை அதோட முடியலை. 63 கார் வைத்திருந்த சிலரும் பட்டையை அறுத்து எறிந்துவிட்டு, ஒரே கண்ணாடியாக மாட்டிக்கொண்டார்கள். இன்னிக்கு நிலைமை தலைகீழ். தயாரானதே 10,594 கூப்தான் என்பதால், பட்டை அப்படியே இருந்தால் விலை எகிறுது. ஓட்டுறவருக்குக் குறை, சேகரிக்கிறவருக்குப் பொக்கிஷம்!

இப்போ பாம்பு. கரோல் ஷெல்பி 1959-ல் லெ மான் ரேஸில் ஜெயித்தவர். இதயக் கோளாறு வந்து ரேஸ் ஓட்டுவதை விட்டவர், கார் பண்ண இறங்கினார். இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் காருக்குள் ஃபோர்டு வி-8 இன்ஜினைத் திணித்தார். அதான் கோப்ரா! அலுமினிய பாடி என்பதால் எடை சுமார் ஒரு டன்தான். கார்வெட் அதைவிட 300 கிலோவுக்கு மேல் குண்டு. பிரேக்கிலும் கோப்ராதான் கெத்து. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். 63 கார்வெட்டில் நாலும் டிரம். ஆனா, கோப்ராவில் ஏத்தி இறக்குற ஜன்னல் கண்ணாடிகூட கிடையாது. மழை வந்தா கஷ்டம்தான் தலைவா!

ஒரு மெக்கானிக்கல் மாணவனா நான் ரசிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. லீஃப் ஸ்பிரிங்னா நமக்கு லாரிதானே ஞாபகம் வரும்? கார்வெட்டின் பின்பக்கத்திலும், ஆரம்பகால கோப்ராவின் முன், பின் இரண்டிலும் அதே லீஃப் ஸ்பிரிங்தான். என்ன, குறுக்குவாட்டில் படுத்திருக்கும்!

அறுபதுகளில் தயாரான ஒரிஜினல் கோப்ராக்கள் சுமார் ஆயிரம்தான். முதல் கோப்ரா 2016-ல் ஏலத்துக்கு வந்தப்போ, 1.375 கோடி டாலருக்குப் போனது. அந்த விலை கொடுத்துட்டு, அதை எடுத்துட்டுப் போய் டீ குடிக்க மனசு வருமா? அதனாலதான் 'ரெப்ளிகா' எனும் நகல் கோப்ராக்கள் ஏராளமா ஓடுது. ஓட்டுவதற்காகவே பிறந்த கார் கண்ணாடிக் கூண்டில் இருக்க, அதன் நகல்தான் ரோட்டில் பறக்குது!

சேகரிக்கணுமா? சேஸிஸ் நம்பரும் பேப்பரும் பக்காவா இருக்கிற ஒரிஜினல் கோப்ரா. ஓட்டணுமா? கார்வெட்.

எனக்கு? பட்டையை அறுத்த 63 கார்வெட்தான் வேணும் பாஸ். கலெக்டர்கள் முகம் சுளிப்பாங்க, விலையும் குறையும். பரவாயில்லை. பின்னால் என்ன வருதுன்னு பார்க்க யாரோ ஒருத்தர் கண்ணாடியை மாத்தியிருக்கார்னா, அவர் அந்தக் காரை நிஜமாவே ஓட்டியிருக்கார்னுதானே அர்த்தம்!