காட்டுக் கீரையின் காரம்

இத்தாலியின் சாலெர்னோ பகுதியில் உள்ள சேலே சமவெளியில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் விளையும் கீரை, ஐரோப்பியக் கடைகளுக்குக் 'காட்டு அருகுலா' என்ற பெயரில் போகிறது. 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காட்டிலிருந்து வந்த செடிதான், ஆனால் காட்டுக்கும் அதற்கும் இன்று பெரிதாகத் தொடர்பில்லை. சாதாரண அருகுலா இதன் உறவு, இனம் வேறு. ராஜஸ்தானில் எண்ணெய்க்காக விதைக்கும் தாராமிரா அதுவே. அது ஒருபருவச் செடி, வெயில் ஏறினால் வெளிறிய பூ பூத்து முடிந்துவிடும். மஞ்சள் பூப் பூக்கும் காட்டு வகையோ பல ஆண்டு நிற்கும். அடியை விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். இவ்வளவு வசதியான செடியை லெட்டூஸ் போலக் கிண்ணம் நிறையத் தின்பதும், அதற்காக உரம் போட்டுக் கொழுக்க வைப்பதும் சரியில்லை என்பதே என் கட்சி.

காரம் இலைக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. குளுக்கோசினோலேட் என்ற சேர்மம் ஓரிடத்திலும் அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. மெல்லும்போது இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. சூடு பட்டால் நொதி செயலிழக்கும். அதனால்தான் இத்தாலியர்கள் பீட்சா அடுப்பிலிருந்து வெளியே வந்த பிறகே இதைத் தூவுகிறார்கள். தூவும் அளவுதான் இதற்குப் பொருத்தம்.

இன்னொரு காரணம் நைட்ரேட். ஒரு கிலோ லெட்டூஸில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சம் 5000 மில்லிகிராம். அருகுலாவுக்குக் கோடையில் 6000, குளிர்காலத்தில் 7000. மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டைப் புரதமாக்க வெளிச்சம் வேண்டும். மங்கிய மாதங்களில் அது இலையிலேயே தேங்கிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைய ஏற்பளவு 222 மில்லிகிராம். நைட்ரேட் நடுத்தரமாக உள்ள இலையிலேயே 47 கிராமைத் தாண்டினால் அந்த அளவு மீறும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் கணக்கிட்டது.

காய்கறியின் நன்மை நைட்ரேட்டின் தீங்கைவிடப் பெரிது என்று அதே ஆணையம் சொன்னதே என்று கேட்கலாம். சொன்னது, நானும் இதைத் தின்ன வேண்டாம் என்று சொல்லவில்லை. விவசாயியின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: எடைக்குத்தான் காசு, நைட்ரேட்டைக் கூட்டும் தழைச்சத்து உரத்தைக் குறைத்தால் மகசூல் குறையுமே? குறையலாம். எடைக்கு விலை பேசும் சந்தையில் அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுத் தொட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. பொடி விதையை மண்மேல் தூவி லேசாக அழுத்தி, நல்ல வெயிலில் வைத்து, உரத்தில் கை இறுக்கமாக இருந்தால் போதும். பகல் வெளிச்சத்தில் நைட்ரேட் இறங்குவதால், காலையைவிடப் பிற்பகலில் அறுப்பது மேல்.